வெளிச் சாப்பாடு கூடாது

1986 ஜூலை 7, திங்கள்

இன்று மெடிக்கல் வார்டில் சேர்ந்தேன். பிரசவ வார்டில் இரண்டு மாதம் நின்றே கழித்த பிறகு இங்கே உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்ததே பெரிய விஷயம். பெனிட்டாவுக்கும் இதே யூனிட்தான். முதல் வருடம் உடற்கூறு அறையில் எங்கள் இருவரையும் ஒரே மேஜையில் போட்டார்கள். முதல் நாளே மயங்கி விழுந்த என்னை வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து விசிறியவள் அவள். அன்றிலிருந்து ஹாஸ்டலிலும் ஒரே அறை. இப்போது ஹவுஸ் சர்ஜன் வருடத்திலும் விடவில்லை.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு புது நோயாளி வந்திருக்கிறார். பெயர் குருவையா. ஐம்பதைத் தாண்டிய தையல்காரர். கோவில்பட்டிப் பக்கம். மூன்று வருடமாக இதயம் பலவீனம், அதற்கு டிஜாக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வாரமாக வாந்தி. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறதாம். பார்ப்பதெல்லாம் மஞ்சள் பூத்துத் தெரிகிறது என்கிறார். நாடி நாற்பத்திரண்டு. அந்த மாத்திரை உடம்பில் அதிகமானால் என்னவெல்லாம் வரும் என்று படித்தோமோ அத்தனையும் கட்டிலில் படுத்திருந்தது.

"தினம் எத்தனை மாத்திரை போடுறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"காலையில ஒண்ணு. நாந்தான் குடுப்பேன்," என்றாள் அவள். முப்பிடாதி. முப்பது வயதுதான் இருக்கும். இரண்டாம் தாரம். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் வேலை.

ஒன்று என்பது சரியான அளவுதான். சிலருக்கு ஒன்றே கூடிவிடும் என்றார் சீஃப். டாக்டர் ரத்தினசபாபதி வார்த்தைகளை அளந்துதான் செலவழிப்பார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போது முப்பிடாதி என்னிடம் வந்து, "எத்தனை நாளைக்கு இருப்பாக?" என்று கேட்டாள். கண்ணில் ஈரம் இல்லை. அந்தக் கேள்வியும் கேட்ட விதமும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

குருவையாவின் அக்கா வந்திருக்கிறார். பிரமாச்சி அம்மாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கல்யாணமான ஒரு வருடத்தில் புருஷன் போய்விட, தம்பி வீட்டோடு வந்துவிட்டாராம். முதல் மனைவி மஞ்சள்காமாலையில் இறந்த பிறகு தம்பிக்குச் சோறு பொங்கிப் போட்டதும் அவர்தான்.

"இப்ப ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரியுது தாயி," என்றார். "அவளும் நானும் பேசி நாலு வருசம் ஆச்சு. அவ வச்ச கொழம்பையும் திம்பான், நான் வச்சதையும் திம்பான். ரெண்டு பேரு மனசும் நோகக்கூடாது அவனுக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ வந்ததுல இருந்துதான் எந்தம்பிக்கு ஒடம்பு சரியில்ல. நான் வேற ஒண்ணும் சொல்லல," என்றார்.

நானும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

குருவையாவின் நாடி எழுபது. மெஸ் உப்புமாவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அந்த உப்புமாவையே சாப்பிட்டார் என்றால் பசி திரும்பிவிட்டது என்றுதான் அர்த்தம்.

அப்பா வார்டன் அறைக்குப் போன் செய்தார். நாளை சித்தி என்னைப் பார்க்க வருகிறாளாம். டூட்டி இருக்கிறது என்றேன். டூட்டி இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தேன், யார் வந்தாலும் நான் வார்டில் இருப்பதாகச் சொல்லும்படி. சித்தி வந்தாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பஸ் தூசியோடு, கையில் இரண்டு பைகளோடு நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். பெனிட்டா கீழே போய் விசிட்டர்ஸ் ஹாலில் அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாய் என்று கேட்டதற்கு, "நீ மெலிஞ்சிட்டியான்னு கேட்டாங்க," என்றாள். அதற்கு ஒரு மணி நேரமா?

கொண்டுவந்த அதிரசத்தைப் பக்கத்து அறைக்காரிகளுக்குக் கொடுத்துவிட்டேன். பெனிட்டா என்னெதிரிலேயே இரண்டு தின்றாள்.

சித்தி அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அம்மா படுத்திருந்த கடைசி இரண்டு மாதம் வீட்டில் தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். அம்மா போன எட்டாவது மாதம் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். இதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 14, திங்கள்

குருவையாவை டிஸ்சார்ஜ் செய்தோம். இனி தினம் அரை மாத்திரை போதும் என்று முப்பிடாதியிடம் இரண்டு முறை சொன்னேன். "அரை," என்று விரலை மடக்கிக் காட்டினாள். அவள் தலையாட்டிய வேகத்தில் ஒரு கவனமும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று புருஷனை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜூலை 21, திங்கள்

குருவையா திரும்ப வந்துவிட்டார். ஒரு வாரம்தான் ஆகிறது. கடையில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே துணிமேல் சாய்ந்துவிட்டாராம். நாடி முப்பத்தாறு. போன தடவையைவிட மோசம்.

"அரை மாத்திரைதான் குடுத்தியா?"

"அரைதான் டாக்டரம்மா. பிளேடால வெட்டித்தான் குடுத்தேன்."

அரை மாத்திரையில் எப்படி இவ்வளவு மோசமாகும்? சீஃப் ஈசிஜியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரையை முழுக்க நிறுத்தியாகிவிட்டது.

முப்பிடாதி போன பிறகு பிரமாச்சி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சும்மா. இனி பயமில்ல," என்றேன். அவர் முகம் தெளியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பயந்து போயிருக்கிறார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று வார்டில் இருக்கும்போது மூன்றாம் வருட ஃபாரன்சிக் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் வகுப்பு. பாதிப் பேர் தூங்குவோம். அன்று பேராசிரியர் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே அரளி விதைகள். "இது உள்ளே போனா இதயம் என்ன செய்யுமோ அதைத்தான் டிஜாக்ஸின் கூடினாலும் செய்யும். ஈசிஜியை மட்டும் வச்சு எது எதுன்னு உங்களால சொல்ல முடியாது. கூட இருக்கிறவங்க முகத்தைப் பாருங்க," என்றார். எல்லாரும் விழித்துக்கொண்டோம்.

குருவையா வீட்டுப் பின்புறம் அரளி இருக்கிறதா என்று பிரமாச்சி அம்மாளிடம் கேட்டேன். கொல்லை வேலி முழுக்க அரளிதானாம். எங்கள் பக்கத்தில் யார் வீட்டு வேலியில்தான் அரளி இல்லை. இருந்தாலும் அறைக்கு வந்ததும் பழைய ஃபாரன்சிக் நோட்டைத் தேடி எடுத்தேன்.

பெனிட்டாவிடம் சொல்லவில்லை. சித்தி வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் வார்டு விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை.

ஜூலை 24, வியாழன்

மாத்திரையை நிறுத்தி மூன்று நாள். நாடி ஏற வேண்டும். நேற்று நாற்பத்தாறுக்கு வந்தது, இன்று மறுபடி முப்பத்தெட்டு.

வார்டுக்குள் வைத்தே யாரோ கொடுக்கிறார்கள்.

முப்பிடாதி தினமும் வேலை முடிந்து, விசிட்டர்ஸ் நேரம் முடியப் போகும்போது தூக்குவாளியில் கஞ்சியோடு வருகிறாள். வார்டில் நிற்பது கால் மணி நேரம். புருஷன் வாயைத் துடைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். மீதிக் கஞ்சியில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் ஊற்றி ஃபாரன்சிக் பிரிவுக்குக் கொண்டுபோனேன். லேபுக்கு அனுப்பினால் பதில் வர ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். ஒரு மாதம் இவர் தாங்குவாரா?

திரும்பி வந்து குருவையாவிடம் உட்கார்ந்தேன். "வீட்ல யாரு சமையல்?" என்றேன். "ரெண்டு பேரும்தான்." "யாரு குடுக்கிறதைச் சாப்பிட்டா வாந்தி வருது?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே காற்றில் புங்கமரம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. "ரெண்டு பேருமே நல்லாத்தான் வைப்பாங்க தாயி," என்றார். இந்த மனுஷர் எதையோ மறைக்கிறார். பொண்டாட்டியைக் காப்பாற்றுகிறார்.

பெனிட்டா மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டே, "அந்த அக்காகிட்ட எல்லாம் வெவரமா கேட்டியா?" என்றாள்.

"அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்," என்றேன்.

"சொல்றதை விடு. நீயா கேட்டியான்னு கேட்டேன்."

நான் டிராலிக்கு வழிவிட்டு நகர்ந்தேன். யாரைப் பார்த்தாலும் உடனே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து கதை கேட்பவள் அவள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஜூலை 26, சனி

சீஃபிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"உங்கிட்ட என்ன இருக்கு? ஒரு ஈசிஜி. ஒரு வேலி. நாத்தனார் சொன்ன கதை."

"மாத்திரையை நிறுத்தியும் நாடி இறங்குது சார். வேற எப்படி?"

"அது நல்ல கேள்வி. அதை வச்சுக்கோ. ஆனா போலீசுக்கு எழுதறதுக்கு முந்தி யோசி. எழுதினா அதுக்கப்புறம் நம்ம கையில இல்ல."

பொறுமையாக இருக்கச் சொன்னார். திங்கள் முதல் புதன் வரை அவருக்கு மதுரையில் பரீட்சை வேலை. வெளிச் சாப்பாடு எதுவும் உள்ளே வரக்கூடாது, ஆஸ்பத்திரிப் பால், ரொட்டி மட்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்.

பிரமாச்சி அம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். "வெளிச் சாப்பாடு எதுவும் குடுக்கக் கூடாது. யார் கொண்டுவந்தாலும் விடாதீங்க." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். முப்பிடாதியிடம் நர்ஸ் சொல்லியிருக்கிறாள். தூக்குவாளியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனாளாம்.

இரண்டு வெள்ளைக் கோட்டுகளையும் துவைத்துப் போட்டேன். சாரலில் காயவே இல்லை.

ஜூலை 28, திங்கள்

நாடி முப்பத்துநான்கு. சாப்பாட்டை நிறுத்தி இரண்டு நாள் ஆகியும்.

முப்பிடாதி நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாள் முழுக்கக் கட்டிலருகே இருந்தாளாம். தண்ணீரில் கொடுத்திருக்கலாம். எதிலும் கொடுக்கலாம்.

டூட்டி மெடிக்கல் ஆபீசரிடம் போனேன். யூனிட் கேஸ், உங்கள் சந்தேகத்தை நீங்களே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றார். எழுதினேன். நஞ்சு கொடுக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் என்று மட்டும்தான் எழுதினேன். யார் பெயரையும் எழுதவில்லை. ஆஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்திலிருந்து ஒரு ஏட்டையா வந்து, "யாரு மேல சந்தேகம்?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

சாயங்காலம் முப்பிடாதியை வார்டு வாசலிலேயே நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் கத்தவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது, "நான் என்ன செஞ்சேன்னு சொன்னீங்க?" என்றாள். பதில் சொல்வதற்குள் போய்விட்டார்கள்.

எனக்கு இதில் சொந்தமாக ஒரு விருப்பு வெறுப்பும் கிடையாது. என் நோயாளி. என் பொறுப்பு.

ஜூலை 29, செவ்வாய்

முப்பிடாதியை ராத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலையில் மறுபடி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் வீட்டைச் சோதனை போட்டு, வேலியில் அரளிக்காய் பறித்துப் பையில் போட்டார்களாம். தெருவே கூடி நின்று பார்த்ததாம். பிரமாச்சி அம்மாள் சொன்னார். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

குருவையா, "அவ எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேலை அதிகமாம் என்று நர்ஸ் சமாளித்திருக்கிறாள்.

பெனிட்டா அறையில் என்னோடு பேசவில்லை. பேசாமலிருப்பதை நான் ஆரம்பித்தேன், இப்போது அவள் முறை.

ஜூலை 30, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் வார்டில் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிரமாச்சி அம்மாள் அலறினார். ஓடிப் போனால் குருவையாவின் கண் மேலே சொருகி, கைகால் வெட்டுகிறது. நாடியைத் தொட்டேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை.

பெனிட்டா எந்த மூலையிலிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. அவர் நெஞ்சில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினாள். நாடியை ஏற்ற நான் அட்ரோபின் ஊசி போட்டேன். மறுபடி போட்டேன். டிரிப்பில் மருந்து ஏற்றி, அவள் துளிகளை எண்ண, நான் நாடியை எண்ண, பேச்சே தேவைப்படவில்லை எங்களுக்கு. "கூட்டு" என்பாள், கூட்டுவேன். "குறை" என்பாள், குறைப்பேன். நாடி நாற்பதைத் தொட்டபோது ஜன்னலில் வெயில் போயிருந்தது. சீஃப் மதுரையிலிருந்து நேராக வார்டுக்கு வந்துவிட்டார். ஈசிஜியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

முப்பிடாதி முந்தாநாளிலிருந்து வார்டுக்குள் கால் வைக்கவில்லை. அவள் ஏற்கெனவே கொடுத்தது இப்போது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுதும்போது அது சரியாகத் தெரியவில்லை.

ஜூலை 31, வியாழன்

காலை ரவுண்டுக்கு முன்பே குருவையா கண் விழித்திருந்தார். நானும் பெனிட்டாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். பிரமாச்சி அம்மாள் குழாயடிக்குப் போயிருந்தார்.

"முப்பிடாதி எங்க?" என்றார். இந்தத் தடவை பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"போலீஸ் விசாரிக்கிறாங்க."

"எதுக்கு?"

"உங்களுக்கு விஷம் குடுத்ததா சந்தேகம்."

அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். பெனிட்டா தோளைப் பிடித்துச் சாய்த்தாள். மேலே ஃபேனைப் பார்த்தார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

"அவ குடுக்கல. யாரும் விஷம் குடுக்கல. மாத்திரைதான்."

"என்ன மாத்திரை?"

"நெஞ்சு மாத்திரை. காலையில அவ ஒண்ணு குடுப்பா, போடுவேன். அவ வேலைக்குப் போன பொறவு அக்கா ஒண்ணு குடுக்கும், அதையும் போடுவேன். அவ குடுத்துட்டான்னு அக்காட்ட சொன்னா அக்கா நம்பாது. அக்கா குடுக்குன்னு அவகிட்ட சொன்னா வீடு ரெண்டாயிரும். ஒரு மாத்திரைதானேன்னு..."

"இங்கயும் குடுத்தாங்களா? ஆஸ்பத்திரியில?"

"டாக்டருமாரு நிறுத்திட்டாகன்னு அக்கா அழுதுச்சு. நீ செத்துருவடான்னு அழுதுச்சு. எப்படி வேண்டாம்னு சொல்ல?"

அக்கா ஈரக்கையோடு வந்து நின்றார். தம்பி பேசியது காதில் விழுந்துவிட்டது. ஒளிக்க முயலவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் மடித்த சின்ன வெள்ளை மாத்திரைகளை என் உள்ளங்கையில் வைத்தார். இதே ஆஸ்பத்திரி மாத்திரை. மாதாமாதம் தம்பியின் பழைய சீட்டைக் காட்டி இங்கேயே வரிசையில் நின்று வாங்கியது. முப்பிடாதி கொடுப்பது ஊர் டாக்டர் எழுதியது. இரண்டும் ஒன்றுதான்.

"மூணு வருசத்துக்கு முன்னால இதே வார்டுல ஒரு டாக்டர் சொன்னாரு. இந்த மாத்திரைய ஒரு நாளும் நிறுத்தப்படாதும்மா, நிறுத்துனா உயிருக்கு ஆபத்துன்னு. ரெண்டு மூணு மாசமா அவ விடியக்கருக்கல்ல ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுதா. குடுத்தாளோ இல்லியோன்னு நாந்தான் தெனம் குடுத்தேன். இங்க இருந்து போன பொறவு அவ பாதியா வெட்டிக் குடுக்கதப் பாத்தேன். மாத்திரையிலயும் வஞ்சகம் பண்ணுதாளேன்னு நான் ரெண்டாக் குடுத்தேன். நீங்க அடியோட நிறுத்திட்டேன்னு சொன்னீங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

"வெளிச் சாப்பாடு எதுவும் குடுக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட சொன்னேனேம்மா."

"மாத்திரை சாப்பாடு இல்லையே தாயி," என்றார். கேலியில்லை. நிஜமாகவே புரியாமல் சொன்னார்.

இதுதான் தம்பியைக் கொல்லப் பார்த்தது என்று பெனிட்டாதான் அவருக்குச் சொன்னாள், கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்து, "போலீசு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். புறக்காவல் நிலையத்துக்குத் தனியாக நடந்துபோய், "நாந்தான் குடுத்தேன். அவள விட்டுருங்க," என்று சொல்லியிருக்கிறார். ஏட்டையா பதறிப் போய் வார்டுக்கு ஓடிவந்தார். சீஃப் உட்கார்ந்து விளக்கி, எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றேன். "அன்னைக்கு ஒரு நல்ல கேள்வி கேட்டே. வேற எப்படின்னு. அதை அந்த அக்காகிட்ட கேட்டிருக்கணும்," என்றார். திட்டியிருக்கலாம்.

மாலை அறைக்கு வந்து பெனிட்டாவிடம், "ஒரு வாரமா நீ சொன்னது எதையும் நான் காதில வாங்கல," என்றேன். அவள் ஈரத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு உங்க சித்தி என்ன பேசினாங்கன்னு கேட்டியே. உங்க அம்மாவைப் பத்தித்தான். டயாலிசிஸுக்கு மெட்ராஸ் கூட்டிட்டுப் போக எவ்வளவு சொல்லியும் உங்கம்மா ஒத்துக்கலையாம். எம்பொண்ணு பரீட்சை முடியட்டும்னாங்களாம். இதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இத்தனை வருஷமாத் தெரியலைன்னாங்க."

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரியும். அப்போது இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தவளே நான்தான். சித்தி கொடுத்த கஞ்சியில் ஒன்றும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. இதை எழுதிவிட்டு விளக்கை அணைக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முப்பிடாதி வந்தாள். நான் எழுந்து நின்றேன். என்னை ஒரு தூணைத் தாண்டிப் போவது போலத் தாண்டிப் போனாள். புருஷன் காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

பிரமாச்சி அம்மாள் சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து முப்பிடாதி அந்தப் பக்கம் பார்க்காமலே கேட்டாள்:

"எத்தன மணிக்குக் குடுப்பீங்க மதினி?"

"நீ போன பொறவு. ஆறரை இருக்கும்."

"நான் அஞ்சரைக்கே குடுத்துருவேன்."

"எனக்குத் தெரியாது."

"கேட்டிருக்கலாம்லா."

அவ்வளவுதான். நாலு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாடி அறுபத்தெட்டு. டிஸ்சார்ஜ். இந்தத் தடவை மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். மாத்திரை ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும், யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். இரண்டு பெண்களும் குருவையாவைப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரும்பி, "முப்பிடாதிகிட்ட இருக்கட்டும்க்கா," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அக்கா தலையை ஆட்டினார்.

முப்பிடாதி மட்டும் பின்தங்கி என்னிடம் வந்தாள். "ஆபீசுல என்னைய நிப்பாட்டிட்டாங்க. புருசனுக்கு வெஷம் வச்சவகூட உக்காந்து பெட்டி ஒட்ட மாட்டோம்னு பொம்பளைக சொல்லுதாகளாம். போலீசு விட்டுட்டாலும் தெரு விடல," என்றாள். எதையும் கேட்டு நிற்கவில்லை. எனக்குத் தெரியட்டும் என்று சொன்னாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

லீவு நாள். காலை பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். பெனிட்டா வருகிறேன் என்றாள். இது நான் தனியாகப் போக வேண்டிய ஊர் என்றேன்.

முதலில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "அதான் போலீசே விட்டுருச்சேம்மா, எங்களுக்குத் தெரியும்," என்றார், தெரியாத முகத்தோடு. பெண்களிடம் நான் பேச வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் எல்லாரும் தெருக்குழாயில் இருந்தார்கள். குடங்களுக்கு நடுவே நின்று பேசினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு கிழவி, "சத்தமாச் சொல்லு தாயி," என்றாள். சத்தமாகச் சொன்னேன். விஷம் இல்லை, மாத்திரை இரண்டு தடவை போய்விட்டது, முப்பிடாதி நாங்கள் சொன்ன அளவுதான் கொடுத்தாள், போலீசில் சொன்னது நான், தப்பு என்னுடையது.

ஒருத்தி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி, "அப்ப அந்த அக்காக்காரிதானா?" என்றாள். "இல்ல, அவங்களும் இல்ல," என்றேன். அவள் முகத்தில் லேசான ஏமாற்றம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

முப்பிடாதி வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள வாங்க," என்றாள்.

குருவையா மிஷினில் இருந்தார். யாருக்கோ பள்ளிக்கூடச் சட்டை. எழுந்து கும்பிட்டார். பிரமாச்சி அம்மாள் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு இப்போதும் இரண்டுதான். ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"சொல்லிட்டீங்க. சரி. இனி நம்புறது அவுக பாடு," என்றாள் முப்பிடாதி. "நாளைக்கு ஆபீசுக்குப் போய்ப் பாக்கேன்."

"மன்னிச்சிரு," என்றேன். அவள் உள்ளே போய் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

எடுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். குனிந்து டம்ளரை எடுத்து, வேறொரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, என் கண்ணெதிரே குடித்துக் காட்டினாள். பிறகு என்னுடையதை மறுபடி என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க டாக்டரம்மா."

குடித்தேன். சர்க்கரை நிறையப் போட்டிருந்தாள்.

டீ சூடாக இருந்ததால் தாமதித்தேன் என்று முதலில் எழுதி அடித்திருக்கிறேன். சூடு இல்லை. ஆற்றித்தான் கொண்டுவந்திருந்தாள்.